சகாய் 1996: பள்ளிச் சாப்பாட்டில் வந்த ஓ157-உம் அதன் ஊசியும் (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

ஜப்பானின் ஒசாகா மாகாணத்தில் சகாய் ஒரு பெரிய நகரம். 1996-ல் அங்கே ஏறக்குறைய 8 லட்சம் பேர் இருந்தார்கள். நகராட்சி நடத்திய தொடக்கப் பள்ளிகளில் குழந்தைகளுக்கு மதியச் சாப்பாடு பள்ளியிலேயே. காய்கறி, இறைச்சி, நூடுல்ஸ் போன்றவற்றை நகராட்சி மொத்தமாக வாங்கி எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பும். சமைப்பது அந்தந்தப் பள்ளியின் சமையலறையில். வட்டாரத்துக்கு வட்டாரம் அன்றன்றைய உணவு மாறும். கொள்முதல் ஒரே இடத்தில், சமையல் பல இடத்தில் என்ற இந்த ஏற்பாடுதான் பின்னால் விசாரணைக்கு வழிகாட்டியது.

நோய்க்குக் காரணமான, ஈ. கோலி என்ற குடல் பாக்டீரியாவின் ஆபத்தான வகையான ஓ157:எச்7 அப்போது புதிய கிருமி அல்ல. 1982-ல் அமெரிக்காவின் ஓரிகன், மிச்சிகன் மாநிலங்களில் ஹாம்பர்கர் சாப்பிட்டவர்களுக்கு ரத்தப்பேதி வந்தபோது முதலில் அடையாளம் காணப்பட்டது. ஜப்பானில் 1990-ல் உராவா நகரின் மழலையர் பள்ளி ஒன்றில் கிணற்றுநீர் மூலம் பரவி 2 குழந்தைகள் இறந்தார்கள். 1996 மே மாத இறுதியில் ஒகயாமா மாகாணத்து ஓகு என்ற ஊரில் பள்ளிக் குழந்தைகளுக்குப் பரவி அங்கும் 2 பேர் இறந்தார்கள். சகாயில் நோய் வந்தது அதற்குச் சில வாரங்கள் கழித்து.

அன்றைய அறிவின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். இந்தக் கிருமி ஷிகா நச்சைச் சுரக்கிறது, அந்த நச்சு சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்பது தெரியும். குடல் சுவரில் அது ஒட்டும் இடத்தில் செல்லின் நுண்விரல்கள் அழிந்து, கிருமிக்குக் கீழே ஒரு மேடை எழும்புகிறது என்பதும் நுண்ணோக்கியில் பார்த்த விஷயம். அந்த வேலைக்கான மரபணுக்கள் ஒரே தொகுப்பாக அமைந்திருப்பதை, இதன் உறவுக்காரக் கிருமி ஒன்றில் 1995-ல்தான் கண்டுபிடித்திருந்தார்கள். ஆனால் அந்த மரபணுக்கள் கட்டி எழுப்பும் ஊசியை, அதாவது கிருமி தன் புரதங்களைக் குடல் செல்லுக்குள் செலுத்தப் பயன்படுத்தும் நுண்குழாயை, யாரும் கண்ணால் பார்த்ததில்லை. சால்மோனெல்லா என்ற இன்னொரு குடல் கிருமியில் அப்படி ஓர் ஊசி முதன்முதலாக மின்னணு நுண்ணோக்கியில் படமானது 1998-ல். ஆகவே சகாய் மருத்துவர்கள் அந்த ஜூலையில் எதிர்கொண்ட கருவிக்கு அப்போது உருவமே கிடையாது. அவர்கள் எடுத்த முடிவுகளைப் படிக்கும்போது இதை மறந்துவிட்டால் அவர்களுக்கு அநியாயம் செய்தவர்கள் ஆவோம்.

கவனித்தவை

ஜூலை 13, சனிக்கிழமை. நகரின் மருத்துவமனைக்கு வயிற்றுவலியோடும் ரத்தம் கலந்த பேதியோடும் பள்ளிக் குழந்தைகள் வரத் தொடங்கினார்கள். வெவ்வேறு பள்ளிகளின் குழந்தைகள், ஒரே மாதிரி அறிகுறிகள். மருத்துவமனை உடனே நகரின் சுகாதாரத் துறைக்குத் தகவல் சொன்னது. என் பார்வையில், இந்த நிகழ்வில் மிகச் சரியாக நடந்த முதல் காரியம் இதுதான். தனித்தனி நோயாளியாகப் பார்த்து மருந்து எழுதி வீட்டுக்கு அனுப்பியிருந்தால் இன்னும் சில நாட்கள் வீணாகியிருக்கும்.

வார இறுதிக்குள் எண்ணிக்கை நூறுகளைத் தாண்டி ஆயிரங்களுக்குப் போனது. மலப் பரிசோதனையில் ஓ157 வளர்ந்தது. நகராட்சியின் இறுதிக் கணக்குப்படி பாதிக்கப்பட்டவர்கள் 9,523 பேர். அதில் 7,892 பேர் பள்ளிக் குழந்தைகள். மீதிப் பேரில் பள்ளி ஊழியர்களும், குழந்தைகளிடமிருந்து தொற்றிக்கொண்ட வீட்டாரும் உண்டு. நூறுக்கும் குறைவான கிருமிகளே நோயை உண்டாக்கப் போதும் என்பதால், கழிப்பறை, துண்டு, குளியல் வழியாக வீட்டுக்குள் பரவுவது இந்தக் கிருமிக்கு எளிது.

பெரும்பாலான குழந்தைகள் ஒரு வாரத்தில் தேறினார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு மட்டும் அடுத்த கட்டம் வந்தது. பேதி குறையத் தொடங்கும் நேரத்தில் முகம் வெளிறியது, சிறுநீர் குறைந்தது. ரத்தப் பரிசோதனையில் சிவப்பணுக்கள் உடைந்திருந்தன, தட்டணுக்கள் சரிந்திருந்தன, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ஏறியிருந்தது. ரத்தச் சிதைவோடு சிறுநீரகம் செயலிழக்கும் இந்த நிலைதான் ஓ157-இன் உண்மையான ஆபத்து. குடலில் கிருமி குறைந்துகொண்டிருக்கும் நேரத்தில் சிறுநீரகத்தில் சேதம் கூடிக்கொண்டிருக்கும். வயிறு சரியாகிவிட்டதே என்று நிம்மதியடைந்த பெற்றோருக்கு இது பேரிடியாக இருந்திருக்கும்.

உள்ளே நடந்தது: ஊசி எப்படிக் கட்டப்படுகிறது

இந்தப் பகுதியில் உள்ளவை பெரும்பாலும் பின்னாளில் தெரியவந்தவை. ஆனால் அந்த ஜூலையில் குழந்தைகளின் குடலில் நடந்தவையும் இவையே என்பதால் காலவரிசையில் இங்கேயே வைக்கிறேன்.

வாய் வழியே வந்த கிருமி வயிற்றின் அமிலத்தைத் தாங்கிக்கொண்டு பெருங்குடலை எட்டுகிறது. 37 டிகிரி வெப்பம், குறைந்த ஆக்சிஜன், பைகார்பனேட் போன்ற சூழல் அறிகுறிகள் சேரும்போது ஊசிக்கான மரபணுத் தொகுப்பு விழித்துக்கொள்கிறது. ஓ157-இல் இந்தத் தொகுப்பு ஏறக்குறைய 43,000 டிஎன்ஏ எழுத்து நீளம். ஊசி கட்டுவது கிருமிக்குச் செலவு மிக்க வேலை. அதனால் இடம் பார்த்துத்தான் தொடங்கும்.

ஈ. கோலிக்கு இரண்டு சவ்வுகள். முதலில் இரண்டு சவ்வுகளிலும் புரத வளையங்கள் பதிகின்றன. உள்சவ்வில் ஒரு வளையத் தொகுதி, வெளிச்சவ்வில் ஒரு பெரிய வாசல். உள்வளையத்தின் நடுவே ஏற்றுமதிக் கருவி, அதன் அடியில் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி-யைப் பிளக்கும் ஒரு நொதி. இதுவரையிலான பாகங்களை, செல் தன் எல்லாச் சவ்வுப் புரதங்களுக்கும் பயன்படுத்தும் பொது வழியிலேயே கொண்டு போகிறது.

இங்கிருந்து கருவி தன்னைத் தானே கட்டத் தொடங்குகிறது. அடுத்த பாகங்கள் எல்லாம் அந்த ஏற்றுமதிக் கருவி வழியாகவே வெளியேறுகின்றன. முதலில் உள்தண்டு, பிறகு ஊசி. எஸ்க்எஃப் என்ற சிறிய புரதம் ஒவ்வொன்றாக, மடிப்புக் கலைந்த நூலாக, ஊசியின் நடுத்துளை வழியே நுழைந்து உச்சிக்குப் போய் அங்கே மடிந்து, சுருள் வடிவில் ஒன்றின் மேல் ஒன்றாக அமர்கிறது. கொத்தனார் புகைபோக்கிக்கு உள்ளிருந்தபடியே ஏறி அதன் உச்சியில் அடுத்த செங்கல்லை வைப்பதைப் போல. நடுத்துளையின் அகலம் ஏறக்குறைய 2.5 நானோமீட்டர். மடிந்த புரதம் எதுவும் அதில் நுழையாது. அதனால்தான் ஊசி வழியே அனுப்பும் சரக்கு, அதாவது புரதங்கள், எல்லாம் மடிப்பு அவிழ்ந்தே போகிறது. சரக்கு தன்னோடு ஒட்டிய துணைப் புரதம் ஒன்றோடு வாசலுக்கு வருகிறது; ஏடிபி நொதி அதிலிருந்து சரக்கைப் பிரித்து அவிழ்க்க உதவுகிறது. அதை வெளியே தள்ளும் விசையில் பெரும்பங்கு உள்சவ்வின் இருபுறமும் உள்ள புரோட்டான் வேறுபாட்டிலிருந்து வருகிறது.

ஊசி எவ்வளவு நீளம் என்பதும் தற்செயலாக விடப்படவில்லை. அளவு பார்க்கும் ஒரு புரதம் உண்டு. போதிய நீளம் வந்ததும் ஏற்றுமதி வாசலில் உள்ள புரதம் ஒன்று ஏற்கெனவே தன்னைத் தானே வெட்டிக்கொண்டு பெற்ற வடிவத்தின் துணையோடு, வாசலின் தேர்வு மாறுகிறது. இனி ஊசிப் புரதம் வேண்டாம், அடுத்த வகைப் புரதங்கள் வரட்டும் என்பதுதான் அந்த மாற்றம்.

குடலில் வாழும் ஈ. கோலிக்கு இன்னொரு சிக்கல். குடல் சுவரின் மேல் சளிப் படலம் இருக்கிறது. குட்டை ஊசி செல்லை எட்டாது. அதனால் ஊசியின் முனையிலிருந்து எஸ்பிஏ என்ற புரதத்தால் ஆன நீண்ட குழாய் ஒன்று வளர்கிறது. 12 நானோமீட்டர் தடிமன், நீளம் 600 நானோமீட்டர் வரை. சால்மோனெல்லாவிலும் ஷிகெல்லாவிலும் இப்படி ஒரு நீட்டிப்புக் குழாய் கிடையாது. இந்தக் குழாய் ஊசியின் மேல் அமர்ந்து நீள்வதை 2001-ல் ஒரு ஜப்பானிய ஆய்வுக்குழு படமாக்கிக் காட்டியது. குழாயின் முனையில் வரும் எஸ்பிபி, எஸ்பிடி என்ற இரண்டு புரதங்கள் குடல் செல்லின் சவ்வில் துளை போடுகின்றன. அதன் பிறகே உண்மையான சரக்கு கிளம்ப வேண்டும். அதுவரை சரக்கைத் தடுத்து நிறுத்தும் காவல் புரதங்கள் வாசலின் அடியில் இருக்கின்றன. அவற்றை நீக்கிய கிருமிகள் துளை போடும் புரதங்களை விட்டுவிட்டு, சரக்கை நேரம் தெரியாமல் வெளியே கொட்டிவிடுகின்றன.

அப்புறம் முதலில் போவது டிர் என்ற புரதம். இந்த நிகழ்வின் அறிவியலில் என்னை மிகவும் பிரமிக்க வைப்பது இதுவே. கிருமி ஒட்டிக்கொள்ள வேண்டிய கொக்கியைக் குடல் செல் தருவதில்லை. கிருமியே தன் கொக்கியைச் செய்து, ஊசி வழியே செல்லுக்குள் அனுப்பி, செல்லின் சவ்வில் பதிய வைத்து, பிறகு தன் மேற்பரப்பில் உள்ள இன்டிமின் புரதத்தால் அதைப் பற்றிக்கொள்கிறது. 1997-ல் இது வெளியானபோது, கிருமிகள் நம் செல்களில் உள்ளதைத்தான் பயன்படுத்தும் என்ற எண்ணம் உடைந்தது. டிர் உள்ளே போனபின் இன்னொரு ஊசிப் புரதத்தோடு சேர்ந்து செல்லுக்கு வடிவம் தரும் ஆக்டின் புரத இழைகளைக் குவித்து, கிருமிக்கு அடியில் அந்த மேடையை எழுப்புகிறது. மற்ற புரதங்கள் செல்லின் அபாய அறிவிப்புகளை அமுக்குகின்றன, செல்களுக்கு இடையிலான இணைப்புகளைத் தளர்த்துகின்றன.

சரி, ஷிகா நச்சும் இந்த ஊசி வழியாகவா போகிறது? இல்லை. மாணவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் இது. ஷிகா நச்சின் மரபணுக்கள், கிருமியின் மரபுத்தொகுதியில் ஒளிந்திருக்கும், பாக்டீரியாக்களைத் தொற்றும் ஃபேஜ் என்ற வைரஸ்களுக்குள் இருக்கின்றன. ஃபேஜ் விழித்துக்கொண்டால் நச்சும் பெருகும், கடைசியில் கிருமி வெடித்து நச்சு வெளியே கொட்டும். அது ரத்தத்தில் கலந்து, ஜிபி3 என்ற கொழுப்புச் சர்க்கரை அதிகமுள்ள சிறுநீரக ரத்தநாளச் செல்களைப் பிடித்து, புரதம் செய்யும் உறுப்பான ரைபோசோமில் அடினைன் என்ற ஒரே ஓர் எழுத்தை வெட்டிப் புரத உற்பத்தியை நிறுத்துகிறது. ஊசி செய்வது கிருமியைக் குடலில் நிலைநிறுத்துவது. கொல்வது நச்சு. இரண்டும் தனித்தனி இயந்திரங்கள். எடுத்த முடிவுகளின் நன்மை தீமை முழுக்க இந்த வேறுபாட்டில்தான் தங்கியிருக்கிறது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பள்ளிச் சாப்பாடு உடனே நிறுத்தப்பட்டது. இதில் யாருக்கும் தயக்கம் இருக்கவில்லை, இருந்திருக்கவும் கூடாது. குழந்தைகளின் வீட்டாருக்கும் மலப் பரிசோதனை, கைகழுவும் அறிவுரை, நீச்சல் குளங்களுக்குக் கட்டுப்பாடு எல்லாம் தொடர்ந்தன. நோயாளிகள் நகர மருத்துவமனைகளுக்குள் அடங்கவில்லை. சிறுநீரகப் பாதிப்பு தெரிந்தவர்களை டயாலிசிஸ் வசதியுள்ள வேறு மருத்துவமனைகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். பேதியை நிறுத்தும் மருந்துகள் தவிர்க்கப்பட்டன. குடல் அசைவு நின்றால் நச்சு உள்ளேயே தங்கும் என்பது காரணம்.

ஆன்டிபயாடிக் விஷயத்தில்தான் கடினமான முடிவு. ஜப்பானிய மருத்துவர்களிடம் ஃபோஸ்ஃபோமைசின் கொடுக்கும் வழக்கம் பரவலாக இருந்தது. சகாய் குழந்தைகள் பலருக்கும் அதுவே கொடுக்கப்பட்டது. கிருமியைச் சீக்கிரம் கொன்றால் நச்சின் மொத்த அளவும் குறையும், வீட்டாருக்குப் பரவுவதும் குறையும் என்பது அவர்கள் வாதம். எதிர் வாதமும் அன்றே இருந்தது. கிருமியின் டிஎன்ஏ-வைத் தாக்கும் மருந்துகள் ஃபேஜை எழுப்பிவிடும், நச்சு குறைவதற்குப் பதில் கூடும் என்றார்கள். சகாய் குழந்தைகளின் பதிவுகளைப் பின்னர் ஆராய்ந்தவர்கள், நோய் தொடங்கிய முதல் ஓரிரு நாட்களில் ஃபோஸ்ஃபோமைசின் பெற்றவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு குறைவாக இருந்ததாக 1999-ல் எழுதினார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் 71 குழந்தைகளைக் கவனித்த ஆய்வு நேர்மாறாகச் சொன்னது: ஆன்டிபயாடிக் பெற்ற 9 பேரில் 5 பேருக்குச் சிறுநீரகப் பாதிப்பு, பெறாத 62 பேரிலும் 5 பேருக்கு மட்டுமே.

இரண்டையும் முரண்பாடு என்று ஒதுக்கிவிடக் கூடாது. அமெரிக்கக் குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டவை வேறு மருந்துகள். ஃபோஸ்ஃபோமைசின் செல்சுவர் கட்டும் வேலையின் முதல் படியைத் தடுப்பது. டிஎன்ஏ-வை நேரடியாகத் தாக்குவதில்லை. எந்த மருந்து, எந்த நாளில் என்ற கேள்விகளைப் பிரிக்காமல் ‘ஆன்டிபயாடிக் நல்லதா கெட்டதா’ என்று கேட்டதால்தான் விவாதம் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. இன்று உலகின் பெரும்பாலான வழிகாட்டிகள், ஓ157 என்று சந்தேகம் இருந்தால் ஆன்டிபயாடிக்கைத் தவிர்த்து, நரம்பு வழியே திரவம் கொடுத்துச் சிறுநீரகத்தைக் காக்கச் சொல்கின்றன. நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் சகாய் மருத்துவர்கள் அன்று கண்மூடித்தனமாக நடந்தார்கள் என்று சொல்ல மாட்டேன்.

மூலத்தைத் தேடியது

பல சமையலறைகளில் ஒரே நேரத்தில் நோய் எழுந்திருக்கிறது. அப்படியானால் தவறு ஒரு சமையல்காரரின் கையில் இல்லை, எல்லோருக்கும் ஒரே இடத்திலிருந்து வந்த ஏதோ பொருளில் இருக்கிறது. விசாரணைக் குழு இந்தத் தர்க்கத்தைப் பிடித்துக்கொண்டு, எந்த வட்டாரக் குழந்தைகளுக்கு எந்த நாளில் வந்த சாப்பாடு பொதுவானது என்று வருகைப் பதிவேட்டை வைத்துப் பார்த்தது. அன்று பள்ளிக்கு வராத குழந்தைகள் நோய்வாய்ப்படவில்லை என்றால் அந்த நாளின் உணவு சந்தேகத்துக்குரியது. எளிமையான, அருமையான முறை. ஜூலை 8, 9 ஆகிய நாட்களின் உணவுகள் மேலே வந்தன. ஒரு பகுதியில் குளிர்ந்த உடோன் நூடுல்ஸ், இன்னொரு பகுதியில் கோழியும் லெட்யூஸும் சேர்ந்த புளிப்பு இனிப்புக் கலவை. இரண்டிலும் வேகவைக்காமல் தூவப்பட்டது வெள்ளை முள்ளங்கி முளை. அது ஒரே பண்ணையிலிருந்து வந்தது. அதே காலத்தில் பக்கத்து ஊர் முதியோர் இல்லம் ஒன்றிலும் கியோட்டோவில் ஒரு பணியிடத்திலும் வந்த நோயின் கிருமி டிஎன்ஏ வடிவம் சகாய் கிருமியோடு பொருந்தியது. அங்கும் அந்தப் பண்ணையின் முளையே வந்திருந்தது.

ஆனால் நேரடிச் சான்று கிடைக்கவில்லை. பண்ணையிலும் எடுத்த விதைகளிலும் ஓ157 வளரவில்லை. சாப்பாட்டு மாதிரிகளை 72 மணி நேரம் வைத்திருந்தால் போதும் என்பது அன்றைய வழக்கம். நோயோ மூன்று நான்கு நாள் கழித்தே தலைகாட்டும். அதற்குள் அந்த நாட்களின் மாதிரி குப்பைக்குப் போயிருக்கும்.

ஆகஸ்டில் சுகாதார அமைச்சகம் இடைக்கால அறிக்கை வெளியிட்டது. குறிப்பிட்ட பண்ணையின் முள்ளங்கி முளை காரணமாக இருக்கும் வாய்ப்பை மறுக்க முடியாது என்ற பொருளில் அதன் வாசகம் இருந்தது. நாடெங்கும் கடைகளிலிருந்து முளை மறைந்தது. நேற்று வரை விற்றவர்கள் அடுத்த நாள் கொட்டினார்கள். அன்றைய சுகாதார அமைச்சர் தொலைக்காட்சிக் கேமராக்கள் முன்னால் முளையைச் சாப்பிட்டுக் காட்டியும் விற்பனை மீளவில்லை. விவசாயிகள் வழக்குத் தொடுத்தார்கள். 2004-ல் உச்ச நீதிமன்றம் வரை போய் அரசு தோற்றது. மறுக்க முடியாது என்ற வாசகத்தை மக்கள் ‘இதுதான்’ என்று படிப்பார்கள் என்பது அமைச்சகத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். புள்ளிவிவரம் முளையைத்தான் சுட்டியது, அதைச் சொல்ல வேண்டிய கடமையும் அரசுக்கு இருந்தது. எவ்வளவு உறுதி, எந்தத் தேதிச் சரக்கு, மற்ற பண்ணைகளின் முளைக்கு இது பொருந்தாது என்று அதே மூச்சில் சொல்லியிருந்தால், குழந்தைகளையும் காத்திருக்கலாம், சம்பந்தமில்லாத விவசாயிகளையும் காத்திருக்கலாம்.

தொடர்ந்து நடந்தவை

மூன்று பள்ளிக் குழந்தைகள் இறந்தார்கள். ஆகஸ்ட் மாதமே இந்தக் கிருமியின் நோய் சட்டப்படி தொற்றுநோயாக அறிவிக்கப்பட்டது. 1997-ல் பள்ளிச் சாப்பாட்டுக்கும் பெரிய சமையற்கூடங்களுக்கும் புதிய சுகாதார விதிகள் வந்தன. உணவின் நடுப்பகுதி 75 டிகிரியில் ஒரு நிமிடமாவது வேக வேண்டும், மாதிரிகளை மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வைத்திருக்க வேண்டும். மாதிரி பற்றிய அந்த ஒரு வரி சகாய்க்கு ஓராண்டு முன்னால் இருந்திருந்தால் நீதிமன்ற வழக்கே தேவைப்பட்டிருக்காது.

1998-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள், கிருமி கலந்த விதையிலிருந்து முளைத்த முள்ளங்கியின் தண்டுக்குள்ளும் இலைத்துளைகளிலும் ஓ157 இருப்பதைக் காட்டினார்கள். மேற்பரப்பைக் கிருமிநாசினியில் முக்கினாலும் உள்ளே இருப்பது சாகவில்லை. பள்ளிச் சமையலறையில் எத்தனை முறை கழுவியிருந்தாலும் பயன் இருந்திருக்காது என்று இதற்குப் பொருள். சமையல் ஊழியர்கள் மீது அன்று விழுந்த சந்தேகப் பார்வைகளுக்கு இது ஒரு பதில். பத்து ஆண்டு கழித்து, 2008-ல், இன்னொரு ஆய்வு சாலட் இலைகளில் ஓ157 எப்படி ஒட்டுகிறது என்று பார்த்தது. அங்கே வேலை செய்தது அதே எஸ்பிஏ குழாய். மனிதக் குடலை எட்டுவதற்காகக் கட்டும் கருவியே இலையைப் பற்றவும் உதவுகிறது.

சகாய் நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்த கிருமி ஆய்வகத்தில் பாதுகாக்கப்பட்டது. 2001-ல் அதன் முழு மரபுத்தொகுதி வெளியானது. குரோமோசோம் ஏறக்குறைய 55 லட்சம் எழுத்துகள். ஆபத்தில்லாத ஆய்வக ஈ. கோலியில் இல்லாதவை மட்டும் 14 லட்சம். உள்ளே 18 ஃபேஜ்களின் தடயங்கள். 2006-ல் அதே கிருமியில் ஊசி வழியே போகும் புரதங்கள் 39 என்று சோதனையால் உறுதி செய்தார்கள். அதுவரை ஊசிக்கான தொகுப்புக்குள்ளேயே சரக்கும் இருக்கும் என்று பலர் எண்ணியிருந்தார்கள். பெரும்பகுதி சரக்கின் மரபணுக்கள் அந்தத் தொகுப்புக்கு வெளியே, ஃபேஜ்களில் சிதறியிருந்தன. நச்சையும் ஊசிச் சரக்கையும் கொண்டுவந்து சேர்த்தது ஒரே வகை வைரஸ்கள்தான். இன்று உலகெங்கும் இந்த ஊசியை ஆராய்பவர்கள் ‘சகாய்’ என்ற பெயரோடு அந்தக் கிருமியைத்தான் எடுத்து வளர்க்கிறார்கள்.

2015 அக்டோபரில் 25 வயதுப் பெண் ஒருவர் மூளை ரத்தக்கசிவால் இறந்தார். 1996-ல் அவர் முதல் வகுப்பு மாணவி. அப்போது வந்த சிறுநீரகப் பாதிப்பு ரத்த அழுத்தமாகத் தங்கி, 19 ஆண்டுகள் கழித்து உயிரை எடுத்தது. இறப்புக் கணக்கு நான்கானது.

மாற வேண்டியவை

இப்படி ஒரு நிகழ்வை ‘முடிந்தது’ என்று மூடும் தேதி எது என்ற கேள்வியை அந்த நான்காவது இறப்பு எழுப்புகிறது. சிறுநீரகம் ஒருமுறை அடிபட்ட குழந்தைக்கு, கிரியேட்டினின் சரியாகிவிட்டாலும், சிறுநீரில் புரதமும் ரத்த அழுத்தமும் ஆண்டுதோறும் பார்க்கப்பட வேண்டும். பெரியவரான பின்னும் அது தொடர வேண்டும். குழந்தை மருத்துவரிடமிருந்து பெரியவர்களுக்கான மருத்துவரிடம் மாறும்போதுதான் பெரும்பாலும் இந்தத் தொடர்ச்சி அறுகிறது.

ஊசியைத் தடுக்கும் மருந்து பற்றி நிறையப் பேசப்படுகிறது. கிருமியைக் கொல்லாமல் ஊசியை மட்டும் முடக்கினால் ஃபேஜ் விழிக்காது, நச்சு கொட்டாது என்பது அழகான யோசனை. 2003 முதல் சில வேதிப்பொருட்கள் ஆய்வகத்தில் இதைச் செய்து காட்டியிருக்கின்றன. ஆனால் ரத்தப்பேதியோடு குழந்தை வரும் நேரத்தில் கிருமி குடலில் ஏற்கெனவே ஒட்டி முடித்திருக்கும். எனவே இவற்றின் சரியான இடம் நோயாளியின் படுக்கையருகே அல்ல, கிருமியின் உறைவிடமான மாட்டுத் தொழுவத்தில் என்று நினைக்கிறேன். மாட்டின் மலக்குடல் முனையில் ஒட்டவும் ஓ157-க்கு இதே ஊசி தேவை. ஊசிப் புரதங்களை வைத்துச் செய்த மாட்டுத் தடுப்பூசிக்குக் கனடா 2008-ல் உரிமம் தந்தது. மாடு ஓ157-ஆல் நோய்ப்படுவதில்லை என்பதால் காசு கொடுத்துப் போட விவசாயிக்குக் காரணம் இருக்கவில்லை. தயாரிப்பும் சில ஆண்டுகளில் நின்றது. பொதுச் சுகாதாரச் செலவாக அரசு ஏற்காத வரை இந்த வழி திறக்காது.

ஆய்வகப் பரிசோதனையும் ஊசியை மட்டும் தேடக் கூடாது. 2011-ல் ஜெர்மனியில் வெந்தய முளை வழியே 3,800-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பரவிய ஓ104:எச்4 கிருமியிடம் இந்த ஊசியே இல்லை. வேறு விதமாகக் குடலில் ஒட்டி, அதே ஷிகா நச்சைக் கொட்டி, 50-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. ஓ157-ஐ மட்டும் பிடிக்கும் வளர்ப்புத் தட்டுகள் அதைத் தவறவிடக்கூடியவை. ரத்தப்பேதி மாதிரிகளில் ஷிகா நச்சின் மரபணுவையும் இன்டிமின் மரபணுவையும் தனித்தனியே பார்த்து, இரண்டின் விடையையும் அறிக்கையில் எழுத வேண்டும்.

முளை விஷயத்தில் சகாயும் ஜெர்மனியும் சொல்வது ஒன்றே. கிருமி விதையோடு வருகிறது, முளைக்கும் ஈரத்திலும் வெப்பத்திலும் பெருகுகிறது, கழுவினால் போவதில்லை. பள்ளி, மருத்துவமனை, முதியோர் இல்லம் ஆகிய இடங்களில் முளையை வேகவைத்தே பரிமாற வேண்டும்.